காப்பகக் கட்டணம் போக மிஞ்சுவது என்ன? தாய்மார்களின் பகுதிநேர வேலையில் பொருந்தாத கணக்கு

புது தில்லி: நாட்டில் வேலைக்குச் செல்லும் பெண்களின் விகிதம் உயர்ந்து வருவதாக மத்திய அரசின் புள்ளிவிவரங்கள் தெரிவிக்கின்றன. ஆனால், கைக்குழந்தை வைத்திருக்கும் நகர்ப்புறத் தாய்மார்கள் பலருக்கு இந்த வளர்ச்சியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் மட்டும் பார்க்கக்கூடிய வேலை அமைந்தாலும், அதில் வரும் ஊதியம் குழந்தையைக் காப்பகத்தில் விடும் செலவுக்கே சரியாகிவிடுகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். பெருநகரம் ஒன்றில் பகுதிநேரக் கணக்காளராக ஒரு பெண்ணுக்கு மாதம் 14 ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியார் காப்பகத்துக்கு 9 ஆயிரம், போக்குவரத்துக்கு 2 ஆயிரம் என்று செலவானால் கையில் நிற்பது 3 ஆயிரம் ரூபாய். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து சில நாள்கள் விடுப்பு எடுத்தால் அதுவும் கரைந்துவிடும். "இதற்காகவா வேலைக்குப் போக வேண்டும்?" என்ற கேள்வி வீட்டில் எழும்போது, அவரிடம் பதில் இருக்காது.

புள்ளிவிவரம் கூறுவது: தொழிலாளர் பங்கேற்பு குறித்த மத்திய அரசின் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்போர் மற்றும் வேலை தேடுவோரின் விகிதம் 2017-18ஆம் ஆண்டில் 23.3 சதவீதம். 2023-24ஆம் ஆண்டில் இது 41.7 சதவீதமாக உயர்ந்தது. கிராமங்களில் 47.6 சதவீதமாக இருந்த இந்த விகிதம், நகரங்களில் 28 சதவீதம் மட்டுமே.

இந்த உயர்வின் தன்மையையும் கவனிக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டில் வேலையில் இருந்த பெண்களில் 67.4 சதவீதத்தினர் சுயதொழில் பிரிவைச் சேர்ந்தவர்கள். இவர்களில் பெரும் பகுதியினர், அதாவது மொத்தப் பெண் தொழிலாளர்களில் 36.7 சதவீதத்தினர், குடும்ப நிலத்திலோ கடையிலோ ஊதியமின்றி உதவி செய்பவர்கள். மாத ஊதியம் பெறும் பெண்களின் பங்கு 2017-18இல் இருந்த 21 சதவீதத்திலிருந்து 15.9 சதவீதமாகக் குறைந்துவிட்டது. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரத்தைத் தானே வகுத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை பெண்களுக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. அந்த வேலைக்கு ஊதியம்தான் கிடைப்பதில்லை.

வீட்டுப் பொறுப்பின் சுமையோ பெரிதாக மாறவில்லை. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுவது தெரியவந்தது.

பாதி நேரம், பாதிக்கும் குறைவான ஊதியம்: 2023ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின், இந்தச் சிக்கலின் மற்றொரு முகத்தைச் சுட்டிக்காட்டினார். எந்த நேரத்தில் அழைத்தாலும் வரக்கூடிய ஊழியருக்கு நிறுவனங்கள் மிக அதிக ஊதியம் தருகின்றன. குறிப்பிட்ட நேரத்தில் வீடு திரும்ப வேண்டியவருக்கோ மணிக்கணக்கில் பார்த்தாலும் குறைவாகவே தருகின்றன என்பது அவரது ஆய்வின் சாரம். அமெரிக்கத் தொழிலாளர் சந்தையைக் கொண்டு அவர் கண்டறிந்த இந்த உண்மை இந்தியாவுக்கும் பொருந்தக்கூடியதே.

பகுதிநேர ஊழியர்களுக்கு முழுநேர ஊழியர்களுக்கு இணையான பாதுகாப்பு வழங்க வேண்டும் எனக் கூறும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1994ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. கடந்த 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கணக்கிலும் நிர்ணயிக்கலாம் என்று அனுமதிக்கிறது. இதை மாநில அரசுகள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பதைப் பொறுத்தே பகுதிநேர வேலையின் மதிப்பு அமையும்.

சட்டத்தின் எல்லை: 2017ஆம் ஆண்டில் மகப்பேறு பயன் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், நிறுவனம் சம்மதித்தால் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்றும் அதில் கூறப்பட்டது. இந்த விதிகள் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

ஆனால், ஐம்பது பேருக்கும் குறைவாக உள்ள கடைகள், பள்ளிகள், சிறு பட்டறைகள், மருத்துவமனைகள் இந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இதனால் பயனே இல்லை. மேலும், ஈஎஸ்ஐ திட்டத்தின் கீழ் வருவோரைத் தவிர மற்றவர்களுக்கான மகப்பேறு விடுப்புக் கால ஊதியம் முழுவதையும் நிறுவனமே ஏற்க வேண்டியுள்ளது. காப்பகச் செலவும் அதன் தலையிலேயே விழுகிறது. இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே நிறுவனங்கள் தயங்குவதற்கு இது வழிவகுக்கும் என்ற அச்சம் அப்போதே எழுப்பப்பட்டது.

மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2008ஆம் ஆண்டு முதல் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகை அல்ல, அரசமைப்புச் சட்டம் சார்ந்த உரிமை என்று, ஹிமாசலப் பிரதேச அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. தனியார் துறையில் இத்தகைய விடுப்புக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

காப்பகங்கள் எங்கே?: தலைநகருக்கு இந்தப் பிரச்னை புதிதன்று. 1969ஆம் ஆண்டில், ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானப் பணியிடத்தில் பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு அவ்வாறு உருவானதே.

அரசுத் தரப்பில், 2006ஆம் ஆண்டு ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கப்பட்ட தேசியக் காப்பகத் திட்டத்தின் கீழ் 20 ஆயிரத்துக்கும் அதிகமான காப்பகங்கள் ஒரு காலத்தில் இயங்கின. 2020ஆம் ஆண்டில் அவற்றின் எண்ணிக்கை 7 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2022ஆம் ஆண்டில் இத்திட்டம் 'பால்னா' என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, 17 ஆயிரம் அங்கன்வாடிகளைக் காப்பகங்களுடன் இணைத்து நடத்த இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. நாட்டில் உள்ள அங்கன்வாடிகளோ ஏறத்தாழ 14 லட்சம். இலக்கு முழுமையாக எட்டப்பட்டாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவையே அது சற்றுத் தாண்டும். வழக்கமான அங்கன்வாடிகள் மூன்று வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்குச் சத்துணவுப் பொருள்களை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகின்றனவே தவிர, நாள் முழுவதும் பார்த்துக்கொள்வதில்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரும் பெரும்பாலும் ஒரு தாயே என்பதை மறக்கலாகாது. அங்கன்வாடி ஊழியருக்கான மத்திய அரசின் மதிப்பூதியம் 2018 அக்டோபரில்தான் 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு தாய்க்குக் குறைந்த கட்டணம் வேண்டும் என்பதற்காக இன்னொரு தாய்க்குக் குறைந்த ஊதியம் தருவது தீர்வாகாது. இடைவெளியை அரசின் பணமே நிரப்ப வேண்டும்.

வாக்குறுதியில் இல்லாத குழந்தை: நெகிழ்வான வேலை நேரமும் வீட்டிலிருந்து பணிபுரியும் முறையும் எதிர்காலத்தின் தேவை என்று, 2022 ஆகஸ்டில் திருப்பதியில் நடைபெற்ற மாநிலத் தொழிலாளர் அமைச்சர்கள் மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். தொழில் துறையின் ஒத்துழைப்புடன் பணிபுரியும் மகளிர் விடுதிகளும், காப்பகங்களும் அமைக்கப்படும் என 2024 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

கட்சிகளின் போட்டியோ வேறு திசையில் நடக்கிறது. பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் தில்லியில் 2019இலும், தமிழகத்தில் 2021இலும், கர்நாடகத்தில் 2023இலும் நடைமுறைக்கு வந்தது. மாதாந்திர உதவித்தொகைத் திட்டங்கள் மேற்கு வங்கம் முதல் மகாராஷ்டிரம் வரை பரவின. 4 ஆயிரம் கிராம பஞ்சாயத்துகளில் காப்பகம் அமைக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்த கர்நாடகத்தைப் போன்ற மாநிலங்கள் சிலவே.

மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ உதவித்தொகை தேவையற்றது என்று கூற முடியாது. ஆனால், அந்தத் தொகையைக் கொண்டு எந்த நகரத்திலும் ஒரு குழந்தையை முழுநேரமும் பாதுகாப்பாக விட்டுச் செல்ல இயலாது. பேருந்தில் கட்டணமின்றி ஏறிச் செல்ல முடிந்த தாய், குழந்தையை எங்கே விட்டுவிட்டு ஏறுவது என்ற கேள்விக்கு, இனி வரும் தேர்தல் அறிக்கைகளாவது பதில் கூற வேண்டும்.