நீங்கள் கேட்டவை: காய்ந்த மண்ணிலிருந்து தண்ணீர் எடுக்க முடியுமா?

“நிலவின் மண்ணிலிருந்தே தண்ணீர் எடுக்கப் போகிறார்கள் என்று படித்தேன். எங்கள் போர்வெல் வற்றிவிட்டது. 60 மாங்கன்றுகள் வாடுகின்றன. அந்த முறையை நம் நிலத்தில் செய்யலாமா? கடன் வாங்கவும் தயாராக இருக்கிறேன்.”
- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

தண்ணீர் எடுக்க முடியும். ஆனால், அது அவசரத்துக்குக் குடிக்கத்தான் ஆகும், கன்றுகளுக்குப் போதாது. இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

நிலவுச் செய்தி உண்மைதான். 2009-ம் ஆண்டு, நிலவின் தென் துருவத்தில் வெயிலே படாத கேபியஸ் பள்ளத்தில், நாசா ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டது. எழுந்த புழுதியை ஆராய்ந்தபோது, 100 கிலோ மண்ணுக்குச் சுமார் 5 கிலோ நீர் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மண்ணைச் சூடாக்கி, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான் அங்கே யோசிக்கப்படும் வழி.

பாலைவனத்திலும் இதே வழிதான். அமெரிக்காவின் அரிசோனாவில் ஜாக்சன், வான் பாவெல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-ல் இதை வெளியிட்டார்கள். சுமார் 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, நடுவில் பாத்திரம் வைக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, பாத்திரத்துக்கு நேர் மேலே சிறிய கல்லை வைக்க வேண்டும். வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகி, தாளின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, பாத்திரத்தில் சொட்டும். கள்ளியை வெட்டிப் போட்டபோது அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் கிடைத்தது. வெறும் காய்ந்த மண் என்றால் இன்னும் குறையும். உப்புத் தண்ணீரைக் குழியில் ஊற்றினாலும் உப்பு கீழேயே தங்கிவிடும். பூச்சிமருந்து பட்ட மண்ணையும், விஷச் செடிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றாலும், உங்களுக்கு 600 லிட்டர் வேண்டும். ஒன்றரை லிட்டர் வீதம் குறையாமல் கிடைத்தால்கூட கிட்டத்தட்ட 60 குழிகள்! குழி மண் காய்ந்ததும் மறுபடி வேறு இடத்தில் வெட்ட வேண்டும்.

அந்த உழைப்பை, இருக்கும் ஈரம் ஆவியாகாமல் காப்பதில் போடுங்கள். கன்றைச் சுற்றிக் களையெடுத்து, வைக்கோல், சருகு என்று கிடைப்பதை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம். பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவையுங்கள். ஈரம் வேருக்குக் கசியும். மேற்கு வெயிலுக்குப் பனை ஓலையால் மறைப்புக் கட்டுங்கள்.

மழைக்கு முன்பே வரப்பையும் உயர்த்திவிடுங்கள். 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஓர் ஏக்கரில் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது.