காலைத் தொட்டுப் பார்க்காத மருத்துவம்

எழுபது வயதைத் தொட்ட எல்லோருக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தை இன்னும் மேடைதோறும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் முதியவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் நரம்பு வலிக்கு அந்தக் காப்பீட்டு அட்டையால் காலணா பயனில்லை. உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம். பாதம் எரிகிறது, மதமதக்கிறது, ஊசியாய்க் குத்துகிறது என்று வருகிறவரோ வெளிநோயாளி. அதே பாதம் புண்ணாகி, அழுகி, காலை எடுக்கும் நிலை வந்தால் காப்பீடு ஓடிவரும். காலை வெட்டுவதற்குப் பணம் உண்டு. தொட்டுப் பார்ப்பதற்கு இல்லை.

இது எத்தனை பேரின் பிரச்சினை? பொதுமக்களில் 7 முதல் 10 சதவீதம் பேருக்கு நரம்பு சார்ந்த நாள்பட்ட வலி இருப்பதாகப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். வயது ஏற ஏற விகிதமும் ஏறும். 2011 கணக்கெடுப்பின்படி இரு மாவட்டங்களின் மக்கள்தொகை 13.2 லட்சம். தமிழகத்தில் அறுபதைக் கடந்தோரின் பங்கு 2021-ல் 13.6 சதவீதம் என்பது அரசின் மதிப்பீடு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 1.8 லட்சம் முதியவர்கள். அவர்களில் குறைந்தது 12,600, கூடினால் 18,000 பேருக்கு இந்த வலி. இதுவும் குறைத்துப் போட்ட கணக்கே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியான ஆய்வின்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களில் பாதிப் பேர் வரை எந்த வலியையும் உணர்வதில்லை; அவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் வெறுங்காலோடு நடப்பவருக்கு முள் தைத்ததே தெரியாமல் போவது, வலியைவிடப் பெரிய ஆபத்து.

ஆனாலும் இந்த நோய் எந்தப் பதிவேட்டிலும் தனியாக ஏறுவதில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டில் சொல்கிறார்கள். மருத்துவமனையிலும் அதையே சொல்கிறார்கள். இது வெறும் முதுமை அல்ல. சர்க்கரை, பி12 குறைவு, அக்கி வந்துபோன தடம், முதுகுத்தண்டில் நசுங்கிய நரம்பு எனக் காரணங்கள் திட்டமானவை. சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மெட்ஃபார்மினே பி12 சத்தைக் குறைக்கக்கூடும். அதைக் கொடுக்கும் அரசு, பி12 அளவைப் பார்ப்பதை வழக்கமாக்கவில்லை. முதியவர் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குகிறார். அது நரம்பு வலியை அநேகமாகத் தொடுவதே இல்லை. சர்க்கரையால் ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்தைத்தான் கெடுக்கிறது. இதைக் கண்டும் காணாமல் இருப்பது அலட்சியம் அல்ல, அநீதி.

தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கிறதே என்பார்கள். அது சர்க்கரை நோயாளிக்கானது. அக்கி வந்தவரும் பி12 குறைந்தவரும் எங்கே போவார்கள்? 17 துறை மருத்துவர்கள் உட்காரும் 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களைக் காட்டுவார்கள். ஒருநாள் முகாம், மாதக்கணக்கில் அளவு பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்துக்கு ஈடாகாது. நரம்பு வலி மருந்துகள் முதியவர்களுக்கு மயக்கமும் தடுமாற்றமும் தரும் என்பது உண்மை. அதனால்தான் கண்காணிப்பு வீட்டருகே வேண்டும் என்கிறோம். செலவு என்பது வாதமே அல்ல. சோதனைக்குத் தேவை 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும் சில நிமிடங்களும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அவற்றைக் கொண்டுவரும் தன்னார்வலர் கையில் இந்த இழையையும் நான்கைந்து கேள்விகளையும் கொடுங்கள். 2022 முதல் இயங்கும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் வாரம் ஒருநாள் நரம்பு வலிப் பிரிவு நடத்தட்டும். வேப்பந்தட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வரை அறுபதைக் கடந்த ஒவ்வொருவரின் பாதமும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டால், இங்கே காலை இழக்கும் நிலைக்குப் போகிறவர்களில் பலரைக் காப்பாற்றிவிடலாம். அதைச் செய்யாமல் முதியோர் நலம் பேச எந்த அரசுக்கும் தகுதி இல்லை.