சுமை தாங்குமா எங்கள் மலை?

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், பேத்துப்பாறை)



‘மலைகளின் இளவரசி’ என்று கொடைக்கானலுக்குப் பெயர். இளவரசியைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள், குதிரை ஏறுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆனால் அந்த இளவரசியின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாராவது கேட்டதுண்டா?

நான் கொடைக்கானல் மலையில் உள்ள பேத்துப்பாறையைச் சேர்ந்தவன். காப்பி, மிளகு, வாழை, பட்டர் ஃப்ரூட், இதுதான் எங்கள் பிழைப்பு. ‘டூரிஸம் வளர்ந்தால் கிராமம் வளரும்’ என்று மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது தானாக நடக்காது, நடக்கிற மாதிரி திட்டம் போட்டால்தான் நடக்கும் என்பது என் கருத்து.

கொஞ்சம் பழைய கதையைப் பாருங்கள். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற வெள்ளைக்காரர் சர்வே செய்வதற்காக வெள்ளகவி கிராமத்து வழியாக மலை ஏறினார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் குளுமைக்காக வந்து வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். அப்புறம் ரோடு வந்தது, பார்க் வந்தது, ஓட்டல்கள் வந்தன. ஆனால் வார்டு ஏறிவந்த வெள்ளகவி? 200 வருஷம் கழித்தும் அந்த ஊர் ஜனங்கள் நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கினார்கள்! வருகிறவருக்கு வழி முதலில், இருக்கிறவருக்கு வழி கடைசியில். ஆரம்பத்திலிருந்தே கணக்கு இப்படித்தான்.

நாம் சிவிலில் என்ன படிக்கிறோம்? அஸ்திவாரம் போடும் முன் மண் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதிலும் முழு எடையை ஏற்றக் கூடாது. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியால் வகுத்து, பாதுகாப்பான அளவு மட்டும்தான் ஏற்ற வேண்டும். ஒரு சாதாரண வீட்டுக்கே இவ்வளவு ஜாக்கிரதை என்றால் ஒரு மலைக்கு?

மலைக்கும் தாங்கும் திறன் என்று ஒன்று உண்டு என்பதைக் கோர்ட்டே எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு உண்டு. நான் இதை வரவேற்கிறேன்.

ஆனால் வண்டியை மட்டும் எண்ணினால் போதுமா? மேலே டவுனில் கூட்டம் நிரம்பினால் ஜனம் ‘யாரும் பார்க்காத இடம்’ தேடிக் கிராமத்துப் பக்கம் இறங்குகிறது. 1991-ல் ‘குணா’ படம் வந்தபின் அந்தக் குகைக்கே குணா குகை என்று பெயராகிவிட்டது. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்ததும் மறுபடி அங்கே கூட்டம். இன்றைக்கு சினிமாகூட வேண்டாம், ஒரு செல்போன் வீடியோ போதும். எங்கள் ஊர்ப் பக்கத்து அஞ்சுவீடு அருவிக்கு அப்படித்தான் வருகிறார்கள். ஆழம் தெரியாமல் இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு. நம்ம வயசுப் பிள்ளைகள்! அருவி பிரபலமாகிற வேகத்தில் அங்கே பாதுகாப்பு வரவில்லையே, ஏன்?

அடுத்தது நிலம். காட்டேஜ் கட்ட நல்ல விலை தருகிறோம் என்று வருகிறார்கள். பிள்ளை கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, யானை மிதித்த வாழைத் தோட்டம்... என்ன செய்வார் விவசாயி? விற்றுவிடுகிறார். கையில் வந்த பணம் நாலு வருஷத்தில் கரைந்துவிடும். பிறகு விற்ற நிலத்திலேயே வாட்ச்மேன் வேலை! யானை போகிற தடத்தில் வேலியும் கட்டிடமும் வந்தால் யானை எங்கே போகும்? மிச்சம் இருக்கிற தோட்டத்துக்குத்தான் வரும். அந்தத் தோட்டக்காரரும் விற்பார். இப்படியே ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிறது. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். படித்து முடித்து ஊருக்குத் திரும்பும்போது அங்கே எங்களுக்கென்று மண் இருக்குமா என்ற கவலை எனக்கு உண்டு.

‘அப்போ டூரிஸ்டே வேண்டாமா? சோறு போடுறதே அவங்கதானே!’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் சித்தப்பாவே ஜீப் ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறார். சோளம் சுட்டு விற்கிற அக்காவுக்கும், குதிரைக்கார அண்ணனுக்கும் சீஸன்தான் தீபாவளி. ஆகவே கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டுக் கதவைத் திற என்கிறேன், அவ்வளவுதான்.

இது நடக்கிற காரியமா? தென் கொரியாவைப் பாருங்கள். இன்று கார், டி.வி. எல்லாம் செய்கிற அந்த நாடு 1970-ல் ஏழை நாடு. கிராமங்களில் பெரும்பாலும் கூரை வீடுகள். அப்போது அரசாங்கம் சுமார் 33,000 கிராமங்களுக்கு, கிராமத்துக்கு 335 மூட்டை வீதம் சிமெண்ட் கொடுத்தது. விற்கக் கூடாது, ஊர்ப் பொது வேலைக்குத்தான் போட வேண்டும். ரோடா, பாலமா, கிணறா என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்ய வேண்டும். நன்றாகச் செய்த சுமார் 16,000 கிராமங்களுக்கு அடுத்த தடவை 500 மூட்டை சிமெண்டும் ஒரு டன் கம்பியும் கிடைத்தன. ‘புதிய கிராமம்’ என்று பொருள்படும் ‘சேமவுல்’ இயக்கம் இதுதான். அது ராணுவப் பின்னணி கொண்ட பார்க் சுங் ஹீ ஆட்சி. அதிகாரிகளின் நெருக்கடியும் இருந்தது. அந்த அதட்டல் நமக்கு வேண்டாம், ஊரே முடிவு செய்கிற அந்த முறை வேண்டும். இன்று அங்கே நகரத்துக் குடும்பங்கள் லீவு நாளில் கிராமத்துக்குப் போய்ப் பழம் பறிக்கின்றன, ஊர்ச் சமையல் கற்கின்றன. ஏற்பாடு செய்வது பல இடங்களில் ஊர்க்காரர்களே. பணமும் ஊரிலேயே தங்குகிறது.

நம்மிடம் மட்டும் என்ன குறை? மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் 1997-லேயே தமிழ்நாட்டில் வந்தது. விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-லும், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பொருள் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. ஊர்தான் ஒன்றாக உட்கார வேண்டும்.

என் யோசனைகள் மூன்று. ஒன்று: கிராமத்துக்கு வரும் டூரிஸ்ட் வண்டிகளுக்கு ஊராட்சியே பார்க்கிங் கட்டணம் வாங்கட்டும். வந்த காசு எவ்வளவு, எந்த ரோட்டுக்கு, எந்தக் குடிநீர்த் தொட்டிக்குப் போனது என்று போர்டில் எழுதி வைக்கட்டும். இரண்டு: அருவிகளில் வனத்துறையும் ஊராட்சியும் சேர்ந்து தடுப்புக் கம்பி போட்டு, உள்ளூர் இளைஞர்களைச் சம்பளத்தோடு காவலுக்கு வைக்கட்டும். மூன்று: நிலத்தை விற்காமல் தோட்டத்தைக் காட்டிப் பிழைக்க விவசாயிக்கு வழி செய்யட்டும். காப்பிப் பழம் பறிப்பதையும் மிளகு காயப்போடுவதையும் பட்டணத்துப் பிள்ளைகள் காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்களா என்ன?

நண்பர்களே! இதில் நமக்கென்ன வேலை என்று நினைக்காதீர்கள். வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. நம்மில் எத்தனை பேர் அதில் உட்கார்ந்திருக்கிறோம்? சிவில்காரன் லெவல் எடுத்து ரோட்டுக்கும் வடிகாலுக்கும் எஸ்டிமேட் போடலாம். எலக்ட்ரிகல்காரன் தெருவிளக்குக்குக் கணக்குச் சொல்லலாம். மெக்கானிகல்காரன் பம்ப் செட் பார்க்கலாம். பெரியவர்கள் ‘ரோடு வேணும்’ என்று வாயால் கேட்பார்கள். நாம் அளவும் வரைபடமும் தொகையும் எழுதிய காகிதத்தோடு கேட்போம். வாயால் கேட்டதை மறந்துவிடலாம், தீர்மானத்தோடு இணைத்த எஸ்டிமேட்டை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

மலையோ, கடற்கரையோ, கோயில் ஊரோ, உங்கள் ஊருக்கும் நாலு பேர் பார்க்க வருவார்கள். அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று இப்போதே விசாரித்து வையுங்கள். டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவோம்!