கோட்டை யாருக்கு?

கோட்டை என்பது தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. அகழி தடுக்கும், மதில் தடுக்கும், வளைந்து வளைந்து செல்லும் வாயில்கள் தடுக்கும். அத்தகைய கோட்டையின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்தன என்பது, மன்னராட்சி மறைந்து மக்கள் உரிமை மலர்ந்த காலத்தின் பெருவெற்றியாகும். அவ்வாறு திறந்த கதவை, வரலாற்றின் பெயரைச் சொல்லிச் சிலருக்கு மட்டும் சாத்த நினைப்பது அறமாகுமா? ஜப்பான் நாட்டின் நகோயா நகரில் எழுந்த வழக்கு இதுவே. பழமையைப் போற்றுவோர் எந்நாட்டவராயினும் எண்ணிப் பார்க்க வேண்டிய வழக்கும் இதுவே.

நகோயாக் கோட்டையின் பணி 1610 ஆம் ஆண்டில் தோக்குகாவா இயேயாசுவின் ஆணைப்படி தொடங்கிற்று. சிற்றரசர் பலர் தத்தம் ஆட்களையும் கற்களையும் கொண்டுவந்து மதில் எழுப்பினர். யார் கொணர்ந்த கல் எது என அறிய அவர்கள் பொறித்த குறிகளை, மதிலோரம் நடப்பவர் இன்றும் காணலாம். கோபுரத்தின் கல்லடித்தளத்தை அமைத்தவர் காத்தோ கியோமாசா. உச்சியில் பொன் தகடு போர்த்த மீனுருவங்கள் இரண்டு அமைந்தன. 1930 இல் நாட்டின் கருவூலமென அறிவிக்கப்பட்டு நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட அக்கோபுரம், 1945 மே 14 அன்று வான்குண்டு வீச்சில் எரிந்து சாம்பலாயிற்று.

மக்கள் அதனை மறக்கவில்லை. நன்கொடை திரட்டினர், 1959 இல் கோபுரம் மீண்டும் எழுந்தது. இம்முறை மரத்தாலன்று, இரும்பும் கற்காரையும் கொண்டு எழுந்தது. இனியொரு முறை எரியக் கூடாது என்ற ஏக்கம் அக்கற்காரைக்குள் இருந்தது. உள்ளே மின்தூக்கியும் இருந்தது. கிழவரும், குழந்தையை ஏந்திய தாயும், சக்கர நாற்காலியில் வந்தவரும் மேலேறி நகரைக் கண்டனர். நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமை போதாதெனக் கண்டு, 2018 மே மாதத்தில் அக்கோபுரம் மூடப்பட்டது. அதனை அகற்றி, பழைய முறைப்படி மரத்தாலேயே கட்டுவதென நகராட்சி திட்டமிட்டது. பழையபடி என்பதால் மின்தூக்கி இராது என்றும் அவ்வாண்டே அறிவித்தது.

மரத்தால் கட்ட விழைவதைக் குறை கூறுவதற்கில்லை. போருக்கு முன்பே அளந்து வரைந்த படங்கள் ஏறத்தாழ 300 உள்ளன. கண்ணாடித் தகட்டில் எடுத்த நிழற்படங்கள் ஏறத்தாழ 700 உள்ளன. இத்துணைச் சான்றுகள் எஞ்சிய கோட்டை வேறொன்று கிடைப்பது அரிது. தச்சரின் கைத்திறன் அழியாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும் என்ற வாதமும் வலிமையுடையதே. ஆனால் மரம் வேண்டும் என்பது ஒன்று. மாற்றுத்திறனாளர் வேண்டா என்பது மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னது எவ்வாறு பிறந்தது?

உள்ளதை உள்ளபடியே கட்டுவதுதான் வரலாற்று உண்மை என்பர். எந்த ஆண்டின் உண்மை என்று அவர்களைக் கேட்க வேண்டும். கோபுரம் சாய்ந்தமையால் 1752 இல் பெரும் பழுதுபார்ப்பு தொடங்கியது. அப்போது மேலடுக்குகளின் மண் ஓடுகள் நீக்கப்பட்டுச் செப்போடுகள் வேயப்பட்டன. கருவூலம் வறண்டபோதெல்லாம் மீனுருவங்களின் பொன்னும் உருக்கப்பட்டுத் தரம் குறைந்தது. கோட்டையை அடுத்துள்ள நினோமாருத் தோட்டத்தைக் காண்போர் பாறைகளையும் மேடுகளையும் கண்டு மகிழ்கின்றனர். அத்தோட்டமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் திருத்தப்பட்டது. பின்னர்ப் படைவீடு அமைந்தபோது ஒரு பகுதியை இழந்தது. மாறாத கோட்டையும் இல்லை. மாறாத தோட்டமும் இல்லை. ஓடு மாறலாம், பொன் மாறலாம், தோட்டம் மாறலாம்; நடக்கவியலாதவர் ஏற ஒரு வழி அமைந்தால் மட்டும் வரலாறு கெட்டுவிடுமோ?

பழமையை முற்றும் பின்பற்றுவதெனில் அதனையும் முறையாகச் செய்தல் வேண்டும். அக்காலத்தில் உழவரும் வணிகரும் அக்கோபுரத்தில் ஏறியதில்லை. அவ்வாறாயின் நுழைவுச் சீட்டு விற்பதை நிறுத்துக! மின்விளக்கை அணைத்திடுக! தீயணைப்புக் கருவிகளைக் கழற்றிடுக! எவரும் இதற்கு உடன்படார். நடப்பவரின் நலத்துக்காகப் பழமை வளைகின்றது. நடக்கவியலாதவர் கேட்கும்போது மட்டும் பழமை கல்லாகின்றது. இது வரலாற்றுப் பற்றன்று. வரலாற்றுப் போர்வை போர்த்த பாராமுகம்.

சான்றுக்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. அக்கோட்டை வளாகத்திலேயே ஹொன்மாரு அரண்மனை நிற்கின்றது. அதுவும் 1945 இல் எரிந்ததே. 2009 இல் தொடங்கி 2018 இல் முடிந்த பணியால் அது மரத்திலேயே மீண்டும் எழுந்தது. கானோ மரபு ஓவியர் தீட்டிய கதவோவியங்கள் போர்க்காலத்தில் அகற்றி வைக்கப்பட்டமையால் தப்பின. அவற்றைப் பார்த்து வரைந்த படிகள் இன்று அறைகளை அணி செய்கின்றன. சக்கர நாற்காலியில் வருவோரும் உள்ளே சென்று காண அங்கு வழியுண்டு. அதனால் ஓவியத்தின் புலி அழகு குன்றிற்றா? மரத்தின் மணம் மறைந்ததா? அங்கு இயன்றது இங்கு ஏன் இயலாது?

ஹிமேஜிக் கோட்டையை எடுத்துக்காட்டி மறுப்போர் உளர். அது 1609 இல் முடிந்த மூலக் கட்டடம். அதன் பழைய தூண்களை அறுக்கலாகாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். பழையதைக் காப்பது வேறு. புதியதைப் படைப்பது வேறு. இனிமேல் வெட்டப்போகும் மரத்தில், இனிமேல் வரையப்போகும் படிக்கு, நானூறு ஆண்டுத் தொன்மையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. உடற்குறையுடையோரை வேறுபடுத்துவதை ஒழிக்கும் சட்டத்தை அந்நாடு 2013 இல் இயற்றி 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. அச்சட்டத்துக்குப் பிந்திய கட்டடம் அச்சட்டத்தின் காலத்துக்கே உரியது.

சிறிய ஏற்றக் கருவி ஒன்றை அமைக்கலாம் என்று பின்னர்ப் பேச்செழுந்தது. அது எத்தளம் வரை செல்வது என்பதில் வழக்கு நீண்டது. 2023 ஜூன் மாதம் அதுபற்றிக் கூட்டப்பட்ட மக்கள் மன்றத்தில், மேலே செல்ல உரிமை கேட்ட உடற்குறையுடையோர் மீது இழிசொற்கள் வீசப்பட்டன. அவையிலிருந்த நகராட்சியினர் அவற்றைத் தடுத்திலர். பின்னர் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. தொன்மைப் பற்று எத்திசையில் சென்றால் எங்கே முடியும் என்பதை அந்நாள் காட்டிற்று. மனிதரை வெளியே நிறுத்தித் தூண்களைப் போற்றுவது பண்பாடாகாது.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இதனை உள்ளத்தில் இருத்துதல் நன்று. பழஞ்சின்னங்களைக் காணச் செல்லும் வகுப்பில் நடக்கவியலாத மாணவர் ஒருவர் இருப்பின், அவரை வாயிலில் அமர்த்திவிட்டு மற்றவர் கண்டு திரும்புவது வரலாற்றுப் பாடமாகாது.

நகோயாக் கோட்டைக்குள் பழங்காயா மரம் ஒன்று நிற்கின்றது. கோட்டைக்கும் மூத்தது என்பர். 1945 இன் தீ அதனையும் கருக்கிற்று. ஆயினும் அது மீண்டும் தளிர்த்தது. பழைய இலை அன்று என்று அத்தளிரை எவரும் பழித்ததில்லை. அதன் நிழலில் நடந்து வந்தவரும் அமரலாம். சக்கரத்தில் வந்தவரும் அமரலாம். கோபுரம் அம்மரத்தினிடம் கற்றுக்கொள்ளட்டும்.