காற்று நின்றாலும் கதவைத் திறக்காதீங்க!

குட்டீஸ்... புயல் வருதுன்னா, உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? 'ஹையா... ஸ்கூல் லீவு!' அப்படித்தானே? அந்த லீவு, வீட்டுக்குள் பத்திரமாக இருக்கத்தான். கடற்கரையில் போய் அலையை வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல!

கடலூர்க்காரர் யாரிடமாவது, 'தானே' புயல் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30ம் தேதி, கடலூருக்கும், புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கி.மீ., வரை காற்று வீசியது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பண்ருட்டியில் கூட, பலாவும், முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதனால், 'எங்க சிதம்பரத்தில் கடலே இல்லையே' என்று யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது.

புயலின் நடுவில், 'கண்' என்ற பகுதி உண்டு. அது நம் ஊருக்கு மேலே வரும்போது, காற்று சட்டென அடங்கிவிடும். 'புயல் போயிடுச்சுடா... விழுந்த மரத்தைப் பார்க்கலாம், வா' என, நண்பன் கூப்பிடுவான். போகாதீர்கள்! சற்று நேரத்தில், எதிர்த்திசையிலிருந்து பேய்க்காற்று வீசும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும், கூரையும் அப்போது விழலாம்.

புயல் கடந்துவிட்டதாக ரேடியோவில் அறிவிக்கும் வரை, கதவைத் திறக்க வேண்டாம். குடிசை வீடு என்றால், காற்று வலுக்கும் முன்பே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். வெளியே வந்த பிறகும், அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கம் போகவே கூடாது.

உங்களைப் பயப்படச் சொல்லவில்லை குட்டீஸ்... கொஞ்சம் பொறுக்கத்தான் சொல்கிறேன். விழுந்த மரத்தை, நாளைக்கும் பார்க்கலாமே!