சட்டம் தொடாத தூண்டில்



சித்திரை பிறந்ததும் திருப்பூர் மீன் கடைகளில் விலை ஏறத் தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமை சம்பளத்தில் ஞாயிறன்று மீன் வாங்கும் பனியன் தொழிலாளர் குடும்பங்கள் கையைச் சுருக்கிக்கொள்கின்றன. தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடையே இதற்குக் காரணமாகும். 2001ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய அத்தடை, 2017 முதல் 61 நாட்களாயிற்று. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் அவற்றிற்கு அமைதி கிட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பள்ளி விடுமுறையும் இதே நாட்களில்தான் வருகிறது. நம்மவர் பலர் கீழக்கரை, நாகூர், காயல்பட்டினம் என்று உறவினர் இல்லம் நாடிச் செல்கின்றனர். பிள்ளைகள் தூண்டிலும் கையுமாகக் கரையில் அமர்கின்றனர். இது குற்றமாகாதா என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர்.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் மீன்பிடி கலங்களைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்டது. கரையை ஒட்டிய கடல் பரப்பில் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது. அது நாட்டுப்படகினரின் வாழ்வாதாரம். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகளுக்கு விலக்குண்டு. கரையில் நின்று தூண்டில் போடுபவர் அச்சட்டத்தின் பிடிக்குள் வருவதில்லை.

ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. படகு அமர்த்தி அங்கே தூண்டில் போடச் செல்வது குற்றமாகும். கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவற்றைப் பிடிப்பதும் 2001 முதல் தடுக்கப்பட்டுள்ளது.

கரையில் சட்டம் நம்மை விட்டுவிடுகிறது, பொறுப்பும் விட்டுவிடுமா? விசைப்படகுத் தொழிலாளி 61 நாள் வருவாயை இழந்து காக்கின்ற மீனை, நாம் பொழுதுபோக்கிற்காகச் சினையோடு இழுத்து மணலில் எறிந்துவிட்டு வருவது நியாயமாகுமா? கடலுணவு நமக்கு ஆகுமானதே. வீண்விரயம் ஒருபோதும் ஆகுமானதன்று.

“ஒரு தூண்டிலால் கடல் வற்றிவிடுமா?” என்பார் உண்டு. திருப்பூர்வாசிகளாகிய நாம் அப்படிக் கேட்கலாகாது. தன் பட்டறையின் கழிவு எம்மாத்திரம் என்றே ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். பாசனத்திற்கென்று நொய்யலின் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டபோது, தவறிழைக்காத தொழிலாளியும் வேலையிழந்தார்.

ஆகவே, பிள்ளைகளுக்குத் தூண்டிலோடு வரம்பையும் கற்றுக்கொடுங்கள். குஞ்சு மீனையும் சினை மீனையும் ஈரக்கையால் பிடித்து, உயிரோடு நீரில் விடட்டும். வீட்டுக் குழம்பிற்குப் போதுமானது கிடைத்ததும் எழுந்துவிடட்டும். அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் போடாமல் எடுத்து வரட்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வஸ்ஸலாம்.