பழவேற்காட்டுப் பாதிரியார் திறந்த கதவு

புறச்சமயப் போதகர் எழுதிய நூல்களைச் சைவர் கையாலுந் தீண்டலாகாது என்பார் ஒருசாரார். அந்நூல்களே நம் சமயத்தை முதன்முதல் உலகிற்கு விளக்கின என்று தலைமேற் கொண்டாடுவார் மற்றொருசாரார். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டாரேனும், நூலைப் படியாமையில் ஒன்றுபட்டவரே. பழவேற்காட்டில் இருந்த ஆபிரகாம் ரோஜர் என்னும் பாதிரியாரின் நூலைக்கொண்டு இதனைக் காண்க.

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில், இன்று ஆலைகள் மலிந்த கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரியுங் கடலுங் கூடுமிடத்துள்ளது. ஒல்லாந்தர் அங்கே 1613ஆம் ஆண்டில் கெல்ட்ரியா என்னுங் கோட்டையை அமைத்தனர். அவர்க்குப் போதகராய் 1632 முதல் 1642 வரை அங்கிருந்தவர் ரோஜர். பின்னர்ப் பத்தாவியாவிலும் ஊழியஞ் செய்து, தாய்நாடு மீண்டு, 1649இல் இறந்தார். அவர் எழுதி வைத்த நூல் 1651இல் லைடன் நகரில் அச்சேறிற்று. மறைந்து கிடந்த அஞ்ஞான மார்க்கத்திற்குத் திறந்த கதவு என்பது அந்நூற்பெயரின் பொருள்.

பெயரே வழக்கிற்கு இடந்தருகின்றது. மறைந்து கிடந்தது யாது? அக்கோட்டைக்குத் தெற்கே திருவொற்றியூர். தென்மேற்கே திருப்பாசூரும் அம்மையார் திருவடி நிழல்பெற்ற திருவாலங்காடும். இத்தலங்கள்மேல் எழுந்த திருப்பதிகங்கள் பல நூற்றாண்டுகளாகப் பலரறியப் பாடப்பட்டு வந்தன. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தைத் தமிழில் அருளி ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. திருமறைக்காட்டில் நாவரசர் பாடிக் கதவந் திறப்பித்த பின்னர், ஒல்லாந்தர் ஒருவர் வந்து சைவர்க்குக் கதவு திறக்கவேண்டிய குறை யாதுமில்லை.

அற்றேல் அந்நூலை எறிந்துவிடுதலே தக்கதெனின், அற்றன்று. ரோஜர் தாம் எழுதியவற்றிற் பெரும்பகுதியைப் பத்மநாபன் என்னும் பிராமணர் வாயிலாகக் கேட்டறிந்தார். இருவரும் உரையாடியது போர்த்துக்கேய மொழியில். கேட்டார்க்குஞ் சொன்னார்க்கும் அது தாய்மொழியன்று. துறைமுகத்தில் வாணிகத்திற்கு வழங்கிய மொழி. மிளகிற்குந் துணிக்கும் விலைபேச அமைந்த அம்மொழியில் ஆணவம் என்பதற்குச் சொல் யாது? பசுவென்றால் ஆவென்றும், பாசமென்றால் கயிறென்றுமே சென்று முடியும். வைணவர், சைவர், சுமார்த்தர், சார்வாகர், பாசண்டர், சாத்தர் என்று அறுவகையாரை அவர் எண்ணுகின்றார். எண்ணியது சரியே. ஆயினும் ஆறு வீட்டாரின் செய்தியையும் ஓரிருவரிடங் கேட்டெழுதினால் எவ்வளவு தேறும்? தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு தமிழேடுகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றிற்கு அட்டவணையும் வகுத்தார். அவர் கூற்றிலும் மறுக்கத்தக்கன பல. எனினும் ஏட்டைக் கண்டு எழுதுதல் வேறு, செவிவழி எழுதுதல் வேறு. ரோஜரைக் குறைகூறுவார் கூறவேண்டிய குறை இதுவே. இதனை அவர் நூலைப் படித்தன்றிக் கூறுதல் இயலாது.

படியாது இகழ்வார் இழப்பது மற்றொன்றும் உண்டு. பத்மநாபன் உரைக்கக் கேட்டு, பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் ரோஜர் டச்சு மொழியில் தந்துள்ளார். வடமொழிச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சானது அதுவே முதன்முறை. சிருங்கார சதகத்தை மட்டும் பத்மநாபன் சொல்லாது விட்டார். பாதிரியாரிடம் எதனைச் சொல்வதென்று அவர் அறிந்திருந்தார் போலும்! வைராக்கிய சதகமோ சிவபத்தி ததும்பும் நூல். அதனைக் கடல்கடந்து கொண்டுசென்றது, கையாலுந் தீண்டலாகாது என்று இவர் விலக்கும் அப்புத்தகமே.

அத்துறையினின்று நம் நாட்டு ஏழை மக்கள் அடிமைகளாய்ப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதும் அந்நூற்றாண்டிலேதான். இதனைக் காட்டி ரோஜரை வாய்மூடச் செய்யலாமென்பாரும் உளர். அது மறக்கொணாக் கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வணிகர் செய்த கொடுமை நூற்கூற்றிற்கு மறுப்பாகாது. நூலை நூலாலன்றி மறுத்தல் சித்தாந்த மரபன்று.

அம்மரபு யாதென்பதை அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்திற் காட்டியருளினார். உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கையையும் அவரவர் வாயாற் கூறுமாறு முன்வைத்து, அதன்பின்னரே மறுத்தார். உலகாயத நூலைத் தீண்டலாகாதென்று அவர் இருந்திருப்பின் பரபக்கம் ஏது? ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து பைபிளைத் தமிழாக்கத் துணைசெய்தவர். அவர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் பாதிரிமார்க்குப் பெருந்தலைவலியானது எதனால்? எதிரி கையிலுள்ள நூலை எதிரியினும் நன்கு கற்றவர் எழுதியதாகலினன்றோ!

ஆகவே, ரோஜர் நூலின் இரண்டாம் பாகம், தெய்வமும் வழிபாடும் பற்றியது, அத்தியாயந்தோறும் எடுத்துத் தமிழிலே வைக்கப்பட்டு, பரபக்க முறையில் ஆராயப்படல் வேண்டும். டச்சு மொழி வல்லார் நம்மிடை அரியராயின், 1670இல் வெளிவந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு உளது. அம்மொழி கற்ற தமிழர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உளர்.